ஹவாய் வரை குரல் போகுமா? எஸ்எஸ்பி ரேடியோவைச் சோதிக்க எந்த வழி நல்லது

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஹவாயின் ஒவாஹு தீவிலுள்ள கனியோஹே விரிகுடா வரை 2,070 கடல் மைல். பசிபிக் கப் என்ற பாய்மரப் படகுப் போட்டியின் தூரம் இது. 1980-இல் தொடங்கிய இந்தப் போட்டி ஓராண்டு விட்டு ஓராண்டு, ஜூலை மாதத்தில் நடக்கிறது. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதுமே கைபேசியில் சிக்னல் போய்விடும். விஎச்எஃப் ரேடியோ ஏறக்குறைய கண்ணுக்கெட்டும் தூரத்தோடு சரி. அதற்கு அப்பால் பேச இரண்டே வழிதான்: ஒன்று சாட்டிலைட், இன்னொன்று எஸ்எஸ்பி என்று படகுக்காரர்கள் சொல்லும் நெடுந்தூர எச்எஃப் ரேடியோ.

சாட்டிலைட் போன் வேலை செய்கிறதா என்று அறிய ஐந்து நிமிடம் போதும். எஸ்எஸ்பி அப்படியல்ல. பெட்டி நன்றாக இருக்கும், ஆன்டெனா சரியில்லாமல் போகும். ஆன்டெனா நன்றாக இருக்கும், எர்த் மோசமாக இருக்கும். எல்லாமே ஒழுங்காக இருந்தும் அந்த நேரத்துக்கு அந்த அலைவரிசை ஒத்துவராது. அதனால் போட்டிக்கு முந்தைய வாரங்களில் “ரேடியோவை டெஸ்ட் பண்ணியாச்சா?” என்று கேட்டால் எல்லாரும் “ஆச்சு” என்பார்கள்; எதைச் செய்து பார்த்துவிட்டு அப்படிச் சொல்கிறார்கள் என்பது ஆளுக்கு ஆள் மாறும். சோதனை என்ற பெயரில் நடக்கும் ஏழெட்டு வழிகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரீனா எனப்படும் படகுத் துறையில் கட்டிக் கிடக்கும் படகில் செய்யும் எந்தச் சோதனையும் அரைச் சோதனைதான். ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் என்றால், கரை மின்சாரம் இல்லாத இடத்தில் ஓர் இரவு நங்கூரமிட்டு, ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள ஒரு நிலையத்தோடு தொடர்பு கொண்டு பாருங்கள்.

பெரும்பாலோர் முதலில் செய்வது எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் சோதனை. டெக்னீஷியன் வருவார், ரேடியோவுக்கும், ஆன்டெனாவை அந்தந்த அலைவரிசைக்குப் பொருத்தித் தரும் ட்யூனருக்கும் நடுவில் மீட்டரைச் செருகுவார், ஒவ்வொரு அலைவரிசையாக அழுத்திப் பார்ப்பார், ஊசி நல்ல இடத்தில் நின்றால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். இது தேவையான சோதனைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த மீட்டர் காட்டுவது ஒன்றைத்தான்: ரேடியோவிலிருந்து புறப்படும் சக்தி திரும்பி வருகிறதா இல்லையா. திரும்பி வராத சக்தி எங்கே போகிறது என்று அது சொல்லாது. வானுக்கும் போகலாம், துருப்பிடித்த எர்த் இணைப்பில் சூடாகவும் வீணாகலாம். வெறும் மின்தடையை ஆன்டெனா இடத்தில் மாட்டினால் மீட்டர் அட்டகாசமாகக் காட்டும். ஒரு வார்த்தைகூட வெளியே போகாது. எர்த் கெட்டுப்போய் இழப்பு கூடும்போது மீட்டர் முன்பைவிட நல்ல எண்ணைக் காட்டுவதும் உண்டு. ஆகவே மீட்டர் “மோசம்” என்றால் நம்புங்கள். “நல்லது” என்றால் அடுத்த சோதனைக்குப் போகலாம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் உருப்படியாக உதவும் இடம் ஒன்று உண்டு. பெரும்பாலான படகுகளில் ஆன்டெனா என்பது பாய்மரத்தின் உச்சியிலிருந்து படகின் பின்முனைக்கு இறங்கும் பேக்ஸ்டே கம்பிதான். அதன் மேலும் கீழும் இன்சுலேட்டர் போட்டு நடுப்பகுதியை ஆன்டெனாவாக்குவார்கள். அந்த நடுப்பகுதி கிட்டத்தட்ட 12 மீட்டர் இருந்தால், 12 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அது அரை அலைநீளத்தைத் தொட்டுவிடும். அங்கே மின்தடை மிக அதிகமாக ஏறுவதால் ட்யூனர் திணறும். 4-இலும் 8-இலும் சமர்த்தாக இருக்கும் படகு 12-இல் அடம்பிடிப்பதற்கு இது ஒரு வழக்கமான காரணம். பாதிக் கடலைத் தாண்டிய பிறகு பகலில் தேவைப்படுவது அந்த 12-தான். ஆகவே மீட்டர் வைக்கும்போது ஒரே அலைவரிசையோடு நிறுத்த வேண்டாம். படகுக்குப் படகு பேசும் 4146, 8294, 12353, 16528 கிலோஹெர்ட்ஸ் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த வழிக்குச் செலவே இல்லை: கேட்பது. கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் இருந்து டபிள்யூ.டபிள்யூ.வி. என்ற நிலையமும், ஹவாயின் கவாய் தீவிலிருந்து டபிள்யூ.டபிள்யூ.வி.எச். என்ற நிலையமும் இரவு பகலாக நேரம் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. இரண்டும் 2.5, 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் வரும். கொலராடோ 20-இலும் வரும். ஒரே அலைவரிசையில் இரண்டும் ஒலித்தால் குழப்பம் வராதா? வராது. நிமிடம் முடிய 15 நொடி இருக்கும்போது பேசும் பெண் குரல் ஹவாய், ஏழரை நொடி இருக்கும்போது பேசும் ஆண் குரல் கொலராடோ. இந்தப் போட்டிக்கென்றே அமைத்ததுபோல ஒரு நிலையம் முதுகுக்குப் பின்னாலும் இன்னொன்று போகும் திசையிலும் இருக்கின்றன. காலை, மதியம், மாலை, நள்ளிரவு என்று நான்கு வேளை கேட்டு, எந்த வேளையில் எந்த அலைவரிசையில் பெண் குரல் தெளிவாக வருகிறது என்று குறித்து வைத்தால், ஹவாய்ப் பக்கம் வழி எப்போது திறக்கிறது என்பது இரண்டு நாளில் பிடிபட்டுவிடும்.

இதில் இன்னொரு லாபம், படகின் சொந்த இரைச்சல் அம்பலமாகும். ரேடியோவை 10 மெகாஹெர்ட்ஸில் வைத்துவிட்டு ஃப்ரிட்ஜ், எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர், சோலார் கன்ட்ரோலர், லேப்டாப் சார்ஜர் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதை அணைக்கும்போது ‘கொர்’ சத்தம் சட்டென்று குறைகிறதோ, அதுதான் குற்றவாளி. மலிவான எல்இடி விளக்கு ஒன்றே ஒரு பட்டை முழுவதையும் மூடிவிடும். ஆனால் கேட்க முடிகிறது என்பதற்காகப் பேசவும் முடியும் என்று நினைத்துவிடக் கூடாது. ட்யூனரே இல்லாமல், கையளவு கம்பியில்கூடக் கொலராடோ கேட்கும்; அந்த நிலையத்தின் சக்தி அப்படி, முக்கியமான அலைவரிசைகளில் 10 கிலோவாட். உங்களுடையது 150 வாட்.

அப்புறம், பக்கத்துப் படகோடு பேசிப் பார்ப்பது. “8294-க்கு வா, கேட்குதா?” “சூப்பரா கேட்குது!” எல்லாரும் இதைத்தான் ஆசையாகச் செய்கிறார்கள். சோதனை என்று பார்த்தால் இதைவிடப் பலவீனமானது இல்லை. ஒரே மரீனாவில் நூறு மீட்டர் தள்ளி நிற்கும் படகுக்கு ஆன்டெனா வயரே கழன்றிருந்தாலும் குரல் போய்விடும். மைக், ஸ்பீக்கர், நீங்கள் அழுத்தும் பட்டன் ஆகியவை வேலை செய்கின்றன என்று தெரியும், அவ்வளவுதான். நெடுந்தூரத் தொடர்பு நடப்பது உயரே வானிலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலையால். அதன் எஃப்2 என்ற அடுக்கில் ஒரு தாவலில் அதிகபட்சம் சுமார் 4,000 கிலோமீட்டர் போகலாம். சான் பிரான்சிஸ்கோ–ஹவாய் தூரம் ஏறக்குறைய 3,830 கிலோமீட்டர், அதாவது ஒரே தாவலின் விளிம்பில். அந்த அலை தொடுவானத்தை ஒட்டித் தாழ்வாகக் கிளம்ப வேண்டும். உங்கள் படகின் ஆன்டெனாவும் எர்த்தும் அப்படி ஒரு அலையை அனுப்புகின்றனவா என்று பக்கத்துப் படகால் சொல்ல முடியாது.

இதில் தலைகீழான ஏமாற்றமும் உண்டு. நூறு மைல் தள்ளி நிற்கும் நண்பனுக்கு 12 மெகாஹெர்ட்ஸில் ஒன்றுமே கேட்காது. நேரடி அலை அங்கே போய்ச் சேராது, தாவும் அலை அவன் தலைக்கு மேலே போய்விடும். ரேடியோ கெட்டுவிட்டது என்று பதறி எல்லாவற்றையும் கழற்றியவர்கள் உண்டு. அது கோளாறு இல்லை, இயல்பு.

சரி, கடலோரக் காவல்படையைக் கூப்பிடலாமே? பழைய கையேடுகள் அப்படித்தான் சொல்லும்: 4125-இல் கூப்பிட்டு ரேடியோ செக் கேளுங்கள் என்று. ஆனால் 2022 பிப்ரவரியிலிருந்து அமெரிக்கப் பெருநிலப் பகுதியிலும் ஹவாயிலும் எச்எஃப் குரல் அலைவரிசைகளில் காது வைப்பதைக் காவல்படை நிறுத்திவிட்டது. இன்றும் அந்தக் கையேடுகளைப் பார்த்து மைக்கில் கத்தினால் பதில் வராது, பதில் வராததற்குப் படகைக் குறை சொல்லவும் முடியாது. மிஞ்சியிருப்பது டிஎஸ்சி என்ற எண்முறை அழைப்பு. ஒரு நிலையத்தின் எம்எம்எஸ்ஐ என்ற அடையாள எண்ணுக்கு டெஸ்ட் கால் அனுப்பினால், மறுமுனையில் தானாகப் பதில் தரும் ஏற்பாடு இருந்தால், ஒப்புதல் திரும்பி வரும். ஆபத்து அழைப்புக்கான சிவப்புப் பட்டனை அழுத்துவது சோதனை இல்லை என்பதையும் குழுவில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

டிஎஸ்சி சோதனை கட்டாயம் செய்ய வேண்டியது, ஆனால் குரலுக்கு அது சாட்சியாகாது. குரல் மூழ்கிப்போகும் இரைச்சலிலும் அந்தச் சிறு தகவல் துணுக்கு தப்பிப் பிழைத்துப் போகும். இதைச் செய்தால் வேறொரு ஓட்டை வெளிப்படும். ஐகாம் எம்802 போன்ற ரேடியோக்களில் டிஎஸ்சியைக் கேட்பதற்கென்று தனி ரிசீவர் இருக்கிறது, அதற்குத் தனி ஆன்டெனா மாட்ட வேண்டும். பின்னாலுள்ள அந்த இரண்டாவது துளையைக் காலியாகவே விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். அழைப்பு போகும், பதில் வந்தாலும் படகுக்குத் தெரியாது.

இணைய ரிசீவர்கள் வந்த பிறகு காசில்லாமல் கிடைத்த நல்ல கருவி ஒன்று இருக்கிறது. கிவிஎஸ்டிஆர், வெப்எஸ்டிஆர் என்ற பெயரில் உலகமெங்கும் ஆர்வலர்கள் தங்கள் ரிசீவர்களை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே பாயின்ட் ரேயஸிலும், தெற்கே ஹாஃப் மூன் பேயிலும் இருக்கின்றன. ஹவாய்த் தீவுகளிலும் உண்டு. கைபேசியில் ஹவாய் ரிசீவரைத் திறந்து 12353-இல் வைத்துவிட்டு, ரேடியோவில் உங்கள் அழைப்புப் பெயரைச் சொல்லி “டெஸ்ட்” என்று சுருக்கமாகப் பேசுங்கள். சில நொடிகள் கழித்து, இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் விழுந்த உங்கள் குரலை நீங்களே கேட்கலாம். குரல் உடைகிறதா, பின்னணியில் ஆல்டர்னேட்டர் சீட்டியடிக்கிறதா, அலைவரிசை நழுவி வாத்துக் குரல் வருகிறதா எல்லாம் தெரியும். இன்னொருவர் “நல்லா இருக்கு” என்று மரியாதைக்குச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். ஒரே குறை, இதற்குக் கைபேசி சிக்னல் வேண்டும். ஆகவே கரையை விட்டு வெகுதூரம் போய்ச் செய்ய முடியாது. பேச ஆரம்பிக்குமுன் அலைவரிசையில் வேறு யாரும் பேசவில்லை என்று உறுதி செய்துகொள்வதும், கப்பல் நிலைய உரிமமும் இயக்குபவர் அனுமதியும் கையில் இருப்பதும் சொல்லாமலே தெரிய வேண்டியவை.

இதோடு போட்டியிடும் ஒரே வழி மின்னஞ்சல். படகுக்காரர்களுக்கான செயில்மெயில் சேவையின் உறுப்பினராகவோ, ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமம் இருந்தால் வின்லிங்க் என்ற சேவை வழியாகவோ, கணினித் தகவலை ரேடியோவில் அனுப்பும் பேக்டர் மோடம் வைத்து ரேடியோவிலேயே மின்னஞ்சல் அனுப்பலாம். நான் இதற்குத்தான் அதிக மதிப்பெண் தருவேன். மைக்கில் பேசும்போது ரேடியோ உச்ச சக்தியைத் தொடுவது கண நேரந்தான். பேக்டர் நிமிடக்கணக்கில் விடாமல் பிழியும். பேட்டரி, வயர், ஃப்யூஸ், எர்த் இவற்றில் எங்கே பலவீனம் இருந்தாலும் அப்போது வெளியே வந்துவிடும். வேகம் எண்ணாகவே திரையில் தெரிவதால், நேற்று எவ்வளவு, எர்த் பட்டையை மாற்றிய பிறகு இன்று எவ்வளவு என்று ஒப்பிடலாம். மோடத்தின் விலைதான் தலைசுற்ற வைக்கும். ஏற்கெனவே மோடம் இருக்கும் படகு இதையே முதல் சோதனையாக வைத்துக்கொள்ளலாம். இல்லாத படகு இதற்காக வாங்க வேண்டியதில்லை, இணைய ரிசீவரே போதும். ஒன்றை மறக்க வேண்டாம்: பேக்டர் பிழைதிருத்திக்கொண்டே போகும் என்பதால் குரல் புரியாத நிலையிலும் கடிதம் போய்ச் சேரும். மைக் செத்துப்போயிருப்பதை மின்னஞ்சல் காட்டிக்கொடுக்காது.

வயர் விஷயத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. எம்802 அனுப்பும்போது 30 ஆம்பியர் வரை இழுக்கும். அதன் அளவு 13.6 வோல்ட், கூடக்குறைய 15 விழுக்காடு. அதாவது ஏறக்குறைய 11.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. பேட்டரியிலிருந்து ரேடியோ ஏழு மீட்டர் தள்ளி, ஐந்து சதுர மில்லிமீட்டர் வயரில் இருந்தால், போகவர 14 மீட்டரில் 1.4 வோல்ட் தின்றுவிடும். மரீனாவில் சார்ஜர் ஓடும்போது 13.8-லிருந்து குறைந்து 12.4, பிரச்சினையே இல்லை. நடுக்கடலில் விடியற்காலை, பேட்டரி 12.4-இல் இருக்கும்போது ரேடியோவுக்குக் கிடைப்பது 11. குரல் சிதையும், அல்லது பெட்டி அணைந்துவிடும். மரீனா சோதனையை அரைச் சோதனை என்று நான் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம். சுற்றி நிற்கும் உலோகப் பாய்மரக் காடும் கரை மின்சாரத்தின் இரைச்சலும் அடுத்தவை.

எங்கே போய்ச் சோதிப்பது? பாயின்ட் ரேயஸ் முனையின் அணைப்பிலுள்ள டிரேக்ஸ் பே எனக்குப் பிடித்த தேர்வு. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வாயிலான கோல்டன் கேட்டைத் தாண்டி ஒரு பகல் பயணம், வடமேற்குக் காற்றுக்கு மறைவு, துறையும் இல்லை கரை மின்சாரமும் இல்லை. இரவு பத்து மணிக்கும் விடியுமுன்னும் எஞ்சினைத் தொடாமல் ரேடியோவைப் போட்டால் பேட்டரியின் உண்மை முகம் தெரியும். கைபேசி சிக்னல் கிடைக்காமல் போகலாம், அதனால் இணைய ரிசீவர் சோதனையைக் கிளம்புமுன் முடித்துவிட்டு, இங்கே மின்னஞ்சலையும் நேர நிலையங்களையும் வைத்துக்கொள்ளலாம். ஃபாரலான் தீவுகளைச் சுற்றி வருவது இன்னொரு தேர்வு. கோல்டன் கேட்டிலிருந்து ஏறக்குறைய முப்பது மைல்; அலை அடிக்கும், ஆட்கள் நனைவார்கள், நிதானமாக உட்கார்ந்து எண் குறிக்க முடியாது. ஆனால் டிரேக்ஸ் பேயில் நங்கூரத்தில் நிற்கும் படகு காட்டாத ஒன்றை ஃபாரலான் காட்டும். ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு மைக்கை அழுத்தும்போது படகு சட்டென்று பத்திருபது பாகை திரும்புகிறதா என்று பாருங்கள். ரேடியோ அலை ஆட்டோபைலட்டின் வயர்களுக்குள் புகுந்து திசைகாட்டியைக் குழப்புவது பல படகுகளில் நடப்பதுதான். வர்த்தகக் காற்றில் ஸ்பின்னகர் என்ற பெரிய முன்பாயை ஏற்றி ஓடும்போது, அதுவும் இரண்டே பேர் ஓட்டும் படகில், போட்டிப் படகுகளை ரேடியோவில் ஒவ்வொன்றாகக் கூப்பிடும் ரோல் காலுக்குப் பதில் சொல்லப்போய்ப் படகு புரண்டுவிடக் கூடாது. ரேடியோ அலையைத் தடுக்க வயரில் மாட்டும் ஃபெரைட் வளையங்களும் வயர்ப் பாதையை மாற்றுவதும் பெரும்பாலும் இதைத் தீர்க்கும், ஆனால் அதற்கு முதலில் தெரிய வேண்டும், தெரிந்த பின் நாலு நாள் வேண்டும்.

போட்டிப் படகுகள் கூடி நடத்தும் ரோல் கால் ஒத்திகை கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அதை ரேடியோ சோதனை என்பதைவிட ஆட்களுக்கான சோதனை என்பேன். ரேடியோ தெரிந்த ஒரே ஆள் கடல்நோயில் படுத்துவிட்டால் வேறு யார் எடுப்பார்? 1998 சிட்னி–ஹோபர்ட் படகுப் போட்டியைத் தாக்கிய புயலில் ஐந்து படகுகள் மூழ்கி ஆறு பேர் இறந்தபோது, ரேடியோ ரிலே கப்பலாக இருந்த ‘யங் எண்டவர்’தான் சிதறிய படகுகளின் செய்திகளைக் கரைக்குக் கடத்திக்கொண்டிருந்தது. ஒருவர் பேசப் பலரும் ஒரே நேரத்தில் கேட்பது எஸ்எஸ்பியின் பலம். போனில் இருவர் பேசுவது மூன்றாவது படகுக்குத் தெரியாது.

இத்தனை பாடும் எதற்கு, சாட்டிலைட்டே போதுமே என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பல போட்டிகள் இன்று அதை ஏற்கின்றன, அதன் தொடர்பு நம்பகமானது. புதிதாகப் படகு தயார் செய்பவர், சோதிக்க இரண்டு வார இறுதிகள்கூட ஒதுக்க முடியாதவர் என்றால் சாட்டிலைட் போனை எடுத்துக்கொண்டு போங்கள். சோதிக்காத எஸ்எஸ்பி வெறும் எடைதான். அதிலும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. வெளியே அழைப்பது மட்டுமல்ல, போட்டிக் குழு உங்கள் எண்ணுக்கு அழைத்தால் மணி அடிக்கிறதா என்றும் பாருங்கள்.

எஸ்எஸ்பியோடு போகிறவர்கள் தள்ளிப்போடுவது அவசர ஆன்டெனா. பாய்மரம் முறிந்தால் பேக்ஸ்டே போகும், அதோடு ஆன்டெனாவும், உச்சியிலிருக்கும் விஎச்எஃப் ஆன்டெனாவும் போகும். 2018 செப்டம்பரில், தனி ஆளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டியில் இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமிக்குத் தென் இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் முறிந்து முதுகும் அடிபட்டது. அவர் நிலைமையைச் சொல்ல உதவியது சாட்டிலைட்டில் குறுஞ்செய்தி அனுப்பும் சிறு கருவி. பின்னர் பிரெஞ்சு மீன்வளக் கண்காணிப்புக் கப்பல் ஒசிரிஸ் வந்து மீட்டது. எஸ்எஸ்பிக்கு மாற்று ஆன்டெனா என்று ஒரு வயர்ச் சுருளை லாக்கரில் போட்டு வைப்பது போதாது. பேக்ஸ்டே இணைப்பைக் கழற்றி, அந்த வயரை ட்யூனரில் மாட்டி, படகின் நடுவில் ஒரு கம்பத்தின் உயரத்துக்கு மட்டும் தூக்கிக் கட்டி, ட்யூனர் ஏற்கிறதா என்று 4-இலும் 8-இலும் பாருங்கள். டிரேக்ஸ் பேயில் மறுநாள் காலை காபிக்குப் பிறகு செய்ய நல்ல வேலை இது. எந்த ஸ்பானர் தேவைப்பட்டது என்பதையும் பார்த்து, அதை அந்தச் சுருளோடு சேர்த்தே கட்டி வையுங்கள்.

இதற்கெல்லாம் காலக்கெடு ஜூன் நடு. அதற்குப் பிறகு சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ரேடியோ டெக்னீஷியன் கிடைப்பது கஷ்டம். கோளாறு தெரிந்தும் சரிசெய்ய ஆள் இருக்காது.